எட்டாவது கால்

நீர்த்தேக்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவரைச் சொட்டு என்றுதான் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து ஊர்க்கதை அலசும்போது, அவர் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கிக்குள் முகம் புதைத்திருப்பார். "சொட்டு, சாப்பாடு ஆறுது!" என்று யாராவது கத்தினால் "இதோ" என்பார். அந்த இதோவுக்கு அரை மணி நேரம் ஆயுள்.

வேலை என்னவோ எண்ணுகிற வேலைதான். நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஆறு நிலையங்கள், நிலையத்துக்கு ஒரு நுண்ணோக்கி. வியாழக்கிழமைதோறும் தண்ணீர் எடுத்து, அதில் எந்தப் பாசி எத்தனை, எந்த ஒருசெல் உயிர் எத்தனை என்று எண்ணித் தாளில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சடித்த தாள். இருபத்திரண்டு வரிசை, வரிசைக்கு ஒரு உயிர், எதிரே ஒரு கட்டம். இருபது வருடமாக அந்தக் கட்டங்களை நிரப்பியதில் அவருடைய பேச்சே எண்களைப்போல ஆகிவிட்டது. கேட்டால் மட்டும் வரும், ஓரிலக்கத்தில் வரும்.

படம் எடுப்பது அவராகச் சேர்த்துக்கொண்ட வினை. நுண்ணோக்கிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு நேரத்தில் தண்ணீரின் ஒரு மெல்லிய படலம்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். உயிரின் முதுகு துலங்கினால் வயிறு பனிமூட்டம், வயிறு துலங்கினால் முதுகு பனிமூட்டம். ஆகவே குமிழை மயிரிழை திருப்பி ஒரு படம், இன்னும் மயிரிழை திருப்பி இன்னொரு படம் என்று மேலிருந்து கீழ்வரை ஐம்பது அறுபது எடுத்துக்கொள்வார். வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருள், ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள துண்டை மட்டும் பொறுக்கி எல்லாவற்றையும் ஒரே படமாக இணைத்துக் கொடுக்கும். அப்போது அந்த உயிர் முதலிலிருந்து முடிவுவரை துலக்கமாக, கையில் எடுத்துப் பார்க்கலாம்போல நிற்கும்.

சிக்கல் ஒன்றுதான். உயிர் என்றால் அசையும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே அது காலை இடம் மாற்றி வைத்தால், இணைத்த படத்தில் ஒரே கால் இரண்டு இடத்தில் விழும். அதற்கு அவர் வைத்த பெயர் பேய்க்கால். மூலப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேய்க்கால்களை அழித்துவிட்டுத்தான் படத்தை வெளியே விடுவார். அழிக்க முடியாவிட்டால் படத்தையே தூக்கிப் போடுவார். அந்த விஷயத்தில் அவர் நெருப்பு. அந்த ஒரு தடவையைத் தவிர.

அது ஓடுள்ள அமீபா. தேநீர் நிறத்தில் சட்டைப் பொத்தான்போல ஒரு ஓடு, அதன் விளிம்புக்கு அடியிலிருந்து கண்ணாடி விரல்கள்போல மெல்ல நீளும் கால்கள். ஐம்பத்திரண்டு படம் எடுக்க நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடமும் அது சோம்பல் முறித்துக்கொண்டே இருந்தது. இணைத்துப் பார்த்தால் ஏழு கால். மூலப் படங்களில் எந்த நொடியிலும் ஐந்துக்கு மேல் இல்லை. இரண்டு பேய்.

அழிக்கத்தான் உட்கார்ந்தார். ஆனால் ஏழு காலோடு அது ஒரு பூவைப்போல இருந்தது. கீழ் இடப்பக்கம் மட்டும், விழுந்த பல்போலக் காலியாக இருந்தது. வலப்பக்கத்துக் கால் ஒன்றை நகலெடுத்து, திருப்பி, அந்தக் காலியிடத்தில் வைத்துப் பார்த்தார். சும்மா, எப்படி இருக்கும் என்று பார்க்க. பொருந்திவிட்டது. எட்டுக் கால், எட்டுத் திசை.

வீட்டுக்காரம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவர். நாளெல்லாம் சட்டைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒட்டுத் தேடிப் பழகிய கண். பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இந்தக் காலும் அந்தக் காலும் ஒரே துணியில வெட்டின மாதிரி இருக்கு. மடிப்புகூட ஒரே இடத்துல விழுது."

"இயற்கையில அப்படித்தான் வரும்" என்றார்.

"வந்தா சரி. எங்க செக்ஷன்ல வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் துவைத்த துணியை மடிக்கப் போனார்.

அன்றைக்கே நீக்கியிருக்கலாம். மாறாக, நிலையங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதுவரை அந்தக் குழுவில் அவர் போட்டதெல்லாம் 'சரி மேடம்' மட்டுமே.

மேடம் என்பது தலைமை வேதியியலாளர். நல்ல மனுஷி, அவசரக்காரி. இருபது வருடமாக மூலையில் குனிந்துகொண்டே இருக்கும் இந்த ஆளுக்கு ஏதாவது ஒரு நல்லது நடக்காதா என்று உண்மையாகவே நினைத்தவர். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது.

"சொட்டு சார், இது நம்ம தண்ணியிலயா?"

"ஆமா மேடம்."

"எட்டுக் காலா? எண்ணிட்டீங்களா?"

"படத்துல எட்டு இருக்கு மேடம்."

"ஒரே ஷாட்டா?"

"இல்ல மேடம். அம்பத்திரண்டு படம் சேர்த்தது."

"அம்பத்திரண்டா! அடேங்கப்பா. அப்ப ஒன்னுக்கு அம்பத்திரண்டு சாட்சி. பாருங்க, இப்படி ஒரு ரகம் இங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது!"

இல்லை மேடம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவருக்காக வந்த சந்தோஷம். அப்படி ஒன்று அவருக்கு வந்து நெடுநாள் ஆகியிருந்தது. வாயெடுத்ததை மென்று விழுங்கினார்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. தலைமை அலுவலக வரவேற்பறையில் படத்தைக் கதவு உயரத்துக்கு அச்சடித்து மாட்டினார்கள். கீழே 'எட்டுக்கால் அமீபா' என்று எழுதி, அவருடைய பெயரை, அந்தப் பதிவேட்டுப் பெயரை, போட்டார்கள். அதோடு நின்றிருந்தால் அவர் மட்டும் உள்ளுக்குள் புழுங்கியதோடு போயிருக்கும். ஆனால் எண்ணிக்கைத் தாளைப் புதிதாக அச்சடிக்கும் நேரம் அது. மேடம் இருபத்து மூன்றாவதாக ஒரு வரிசை சேர்த்தார்: எட்டுக்கால் அமீபா, எதிரே ஒரு கட்டம். வருடத்துக்கு வேண்டிய தாள் மொத்தமும் அச்சாகிக் கட்டுக்கட்டாக ஆறு நிலையங்களுக்கும் போய்விட்டது.

முதல் வியாழன் அவர் அந்தக் கட்டத்தில் சுழி போட்டார். அதுதானே உண்மை. மறுநாளே போன்.

"என்ன சார், கண்டுபிடிச்சவருக்கே கிடைக்கலையா? வடக்கு நிலையத்துல மீசைக்காரர் ரெண்டு பார்த்திருக்காரே!"

மீசைக்காரர் எதையும் பார்ப்பார். மேடத்துக்கு எது வேண்டுமோ அது அவருடைய தண்ணீரில் நீந்தும். அது சொட்டுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த வியாழன் பேனா அந்தக் கட்டத்தின் மேல் வந்தபோது, கை தன்பாட்டுக்கு '1' என்று எழுதியது. நேராக ஒரு கோடு. அவ்வளவு சின்ன ஒரு கோட்டை இழுக்க அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. அதற்கடுத்த வியாழன் கொஞ்சம் லேசாக இருந்தது. அந்த லேசுதான் பிற்பாடு நினைக்க நினைக்க அவரை அரித்தது.

இரண்டு மாதத்தில் ஐந்து நிலையங்களில் எட்டுக்கால் பெருகிவிட்டது. மேற்கு நிலையம் மட்டும் ஒவ்வொரு வாரமும் சுழி.

மேற்கு நிலையத்தில் இருந்தவர் கண்ணாடி அக்கா. தடித்த மூக்குக்கண்ணாடி, அதைவிடத் தடித்த பிடிவாதம். பத்தொன்பது வருடமாக எண்ணுகிறவர். சுழி போடுவதோடு விடமாட்டார், ஓரத்தில் குறிப்பும் எழுதுவார். 'எட்டுக்கால் காணவில்லை. ஓடுள்ள அமீபா நான்கு கண்டேன். கால் எண்ணினேன். ஐந்து, நான்கு, ஐந்து, மூன்று.'

மாதக்கூட்டத்தில் மேடம் அந்தத் தாள்களைத் தூக்கிக் காட்டினார். "அஞ்சு பேருக்குத் தெரியுது, உங்களுக்கு மட்டும் தெரியலைன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? கொஞ்சம் கண்ணைக் காட்டிட்டு வாங்கக்கா."

"கண்ணாடிக்கே கண்ணாடி போடணும்போல" என்றார் மீசைக்காரர். ஆளாளுக்குச் சிரித்தார்கள். சொட்டும் சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது, உதடு அந்த இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. தன் தாள்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமன்செய்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் செய்தி வந்தது. அக்காவைக் குடுவை கழுவும் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். 'தற்காலிகமாக.'

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, சொட்டுக்கு விடுமுறை நாள் வேலை. கூடத்தில் வேறு யாரும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்து நின்றார். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். கையில் துணிப்பை, பைக்குள் மூன்று குடுவைத் தண்ணீர்.

"தம்பி, வேலையா இருக்கீங்களா?"

"இல்லக்கா. வாங்க, உட்காருங்க."

"உட்காரத்தான் வந்தேன். ஒரே ஒரு தடவை அந்த எட்டுக்காலைக் காட்டிடுங்க. என் கண்ணால பார்த்துட்டா போயிடறேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்சுடும்ல, எதைத் தேடணும்னு." பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கண் மருத்துவமனைச் சீட்டு. "காட்டிட்டு வந்துட்டேன். புரை கிரை ஒன்னும் இல்ல, பழைய பவரே போதும்னுட்டாங்க. ஆனா எல்லாருக்கும் தெரியறது எனக்குத் தெரியலையே."

சொட்டு அந்தச் சீட்டை அவர் பக்கமே தள்ளி வைத்தார். "அது... எப்பவும் வராதுக்கா. சில நாள்தான்."

"பரவாயில்ல. சாயங்காலம்வரை இருக்கேன்."

உட்கார்ந்துவிட்டார். நுண்ணோக்கியின் இருக்கையைத் தன் உயரத்துக்கு ஏற்றி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, முதல் தகட்டை எடுத்தார். பார்க்கிறவருக்குத் தெரியும், பழகிய கை. தகட்டை இடமிருந்து வலமாக, பிறகு ஒரு வரி இறக்கி வலமிருந்து இடமாக, வயலில் ஏர் ஓட்டுவதுபோல ஓட்டுவார். ஒரு மூலை தப்பாது. சொட்டு ஜன்னலோரம் நின்று, ஏற்கெனவே கழுவிய சோதனைக் குழாய்களைத் திரும்பக் கழுவினார்.

"இதோ ஒன்னு!" என்றார் அக்கா. சொட்டின் கையிலிருந்த குழாய் தொட்டிக்குள் விழுந்தது. "இல்ல தம்பி. இதுவும் அஞ்சுதான்."

பதினோரு தகடு ஆயிற்று. சாப்பாட்டு வேளை வந்து போயிற்று. அக்கா நிமிர்ந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டாமல், மங்கலாகத் தெரிந்திருக்கக்கூடிய சொட்டைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்து உட்கார்ந்து யோசிச்சேன். இது தெரியலைன்னா, முன்ன எழுதினதெல்லாம்கூடச் சரிதானான்னு யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வருசத் தாளு. எதெதை விட்டேனோ."

அதை அவர் அழாமல் சொன்னார். அழுதிருந்தால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லி, இன்னும் ஒரு நாள் ஓட்டியிருப்பார் சொட்டு. அக்கா சும்மா, தாளில் ஒரு சந்தேகக் குறி போடுவதுபோலச் சொன்னார்.

சொட்டு கையைத் துடைத்துக்கொண்டு, மூலப் படங்கள் இருந்த பென் டிரைவைப் பையிலிருந்து எடுத்துக் கணினியில் செருகினார். "அக்கா, இங்க வாங்க" என்றார்.

ஐம்பத்திரண்டு படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். பத்தாவது படத்தில் அக்கா ஒரு வெற்றுத்தாளை எடுத்து வட்டம் வரைந்தார். கடிகாரம்போல மணி குறித்து, எந்தப் படத்தில் எந்த மணிக்கு நேரே கால் இருக்கிறதோ அங்கே புள்ளி வைத்தார். "பன்னெண்டு மணி, ஒன்னரை, மூணு..." என்று முணுமுணுத்தார். நடுவில் மூன்று மணிக் கால் சுருங்கி ஓட்டுக்குள் போயிற்று. ஒன்பது மணியில் வேறொன்று எட்டிப் பார்த்தது. கடைசிப் படம் வந்தபோது அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

"ஒரே நேரத்துல எட்டு இல்ல."

"இல்லக்கா. அஞ்சுக்கு மேல கிடையாது. அசைஞ்சிருச்சு. சேர்க்கும்போது எல்லாம் விழுந்துருச்சு."

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. தனக்கே சொல்லிக்கொண்டார். மூச்சு ஒன்று நீளமாக வந்தது. பிறகு தாளில் குனிந்து புள்ளிகளை எண்ணினார். எண்ணுகிறவர் அல்லவா, எண்ணாமல் விடமாட்டார். "ஏழு இடம்தானே வருது தம்பி? ஏழரை மணிக்கு எந்தப் படத்துலயும் ஒன்னும் காணோமே. அந்தப் பெரிய படத்துல இருக்கே."

"மென்பொருள்... சில சமயம் அப்படிப் பண்ணிடும்க்கா."

"ஓ" என்றார்.

ஒரே எழுத்து. குடுவைகளைப் பையில் அடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "உங்க தாள்ல வாராவாரம் ஒன்னு, ஒன்னுன்னு போட்டிருந்தீங்களே. அது என்ன தம்பி?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். காது மடல் சுட, சொட்டு தரையில் தான் சிந்திய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது வாசல் காலியாக இருந்தது.

வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "என்னங்க, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார் வீட்டுக்காரம்மா. "யாரும் ஒன்னும் சொல்லல. அதான்" என்றார். அந்தம்மாவுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "ஒட்டுப் போட்டது தப்பில்லைங்க. ஒட்டே இல்லன்னு சீட்டுக் குத்தி அனுப்புறோமே, அதுதான் தப்பு. எங்க இடத்துல அதுக்குத்தான் திட்டு விழும்" என்றார், பொதுவாகத் தொழிற்சாலை விஷயம் பேசுவதுபோல.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாதக்கூட்டம். வரவேற்பறையைக் கடக்கும்போது அவர் தலை நிமிரவில்லை. படத்திலிருந்த அந்த நகல் கால், போகிற வழியில் தோளைத் தொட்டுவிடும்போல இருந்தது. உள்ளே ஆறு நிலையத்தாரும் இருந்தார்கள். அக்கா கடைசி வரிசையில், குடுவைப் பகுதியின் நீல மேலங்கியோடு.

"மேடம், ஒரு விஷயம்" என்று எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்ததே அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னார். அசைந்தது, ஒன்றாக விழுந்தது, எட்டுக்கால் என்று ஒரு உயிர் கிடையாது, மேற்கு நிலையத்துச் சுழிதான் சரி. சொல்லி முடித்தபோது, "அது மென்பொருள்ல வந்த பிழை மேடம்" என்று ஒரு வால் தானாக ஒட்டிக்கொண்டது.

மீசைக்காரர், "ஆனா நான் பார்த்தேன் மேடம்! எட்டு! ரெண்டு கண்ணால!" என்றார்.

"எதை ஐயா பார்த்தீங்க?" என்றார் மேடம்.

"அது... கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துச்சு. எப்படியும் புத்தகத்துல அமீபா காலுக்குப் போலிக்கால்னுதானே போட்டிருக்கான்" என்று இறங்கி வந்தார். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் எல்லோருடைய தாளும் கழுவப்பட்டுவிட்டது. மேடம்கூட நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி விடுங்க. மிஷின் பண்ற தப்புக்கு மனுஷன் என்ன செய்வான்? அக்கா, நீங்க நாளைக்கே உங்க சீட்டுக்குப் போயிடுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

அக்கா தலையசைத்தார். பிறகு சொட்டைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. தகட்டைப் பார்ப்பதுபோல, இடமிருந்து வலமாக, ஒரு மூலை தப்பாமல் பார்த்தார். அக்காவின் மடியில் ஒரு தாள் மடிந்து கிடந்தது. அதில் ஏழு புள்ளி இருக்கும் என்று சொட்டுக்குத் தெரியும். அதை அக்கா பிரிக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

உட்கார்ந்தவர் மறுபடி எழுந்தார்.

"மேடம். ஏழுதான் மென்பொருள்." முன்னிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எட்டாவதை நான் ஒட்டினேன்."

"என்னது?"

"வேற காலை எடுத்துத் திருப்பி ஒட்டினேன். தாள்ல போட்ட ஒன்னும் பார்த்து எழுதினது இல்ல. ஒரு வாரமும் பார்க்கல."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. மீசைக்காரர் தன் செருப்பில் எதையோ தேடினார். மேடத்தின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை.

"ஏன் சார்?" என்றார் மெதுவாக. "நீங்க போயி இப்படியா?"

"ஏழா இருந்தப்ப ஒரு பக்கம் காலியா தெரிஞ்சுது மேடம்" என்றார். இருபது வருடமாக எண்ணிய மனிதனின் வாயிலிருந்து அது எவ்வளவு அற்பமாக விழுந்தது என்று அவருக்கே கேட்டது. வேறு காரணம் தேடினார். இருந்தது அவ்வளவுதான்.

படத்தை அன்று மாலையே இறக்கினார்கள். வரவேற்பறைச் சுவரில் கதவு உயரத்துக்கு ஒரு வெளுத்த செவ்வகம் நின்றது. தரை துடைக்கிற அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க அந்த எட்டுக்கால் பூச்சி?" என்று ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தார். சொட்டுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெயர் முழுசாகத் தட்டச்சாகியிருந்தது. மேடம் போனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பேசினாலும் சார் என்பதில் இப்போது வெறும் மரியாதை மட்டும் இருந்தது.

அக்கா தன் இருக்கைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த கூட்டத்தில் சொட்டைக் கடக்கும்போது, "தம்பி, பழைய தாளு நாலு எடுத்துத் திரும்பச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் "நல்லதுக்கா" என்றார். மன்னிப்பு என்ற சொல் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, யார் எடுப்பது என்று தெரியாமல், அப்படியே போய்விட்டது.

எண்ணிக்கைத் தாள் மட்டும் மாறவில்லை. வருடத்துக்கும் அச்சடித்தாகிவிட்டது, வீணாக்க முடியாது. எட்டுக்கால் அமீபா இருபத்து மூன்றாவது வரிசையில் அப்படியே இருந்தது. மற்ற நிலையத்தார் அந்த வரியை அடித்துவிட்டு அனுப்பினார்கள். மேற்கு நிலையத்திலிருந்து வரும் தாளில் மட்டும் சுழி இருக்கும், பக்கத்தில் குறிப்பும் இருக்கும்: 'காணவில்லை. ஓடுள்ள அமீபா இரண்டு. கால் ஐந்து, நான்கு.'

சொட்டும் அடிப்பதில்லை. வியாழக்கிழமை, இருபத்திரண்டு கட்டமும் நிரம்பிய பிறகு, தகட்டை முதலிலிருந்து இன்னொரு தடவை இடமிருந்து வலமாக ஓட்டுவார். மாடிப்படியிலிருந்து யாராவது "சொட்டு, சாப்பாடு ஆறுது!" என்று கத்துவார்கள். "இதோ" என்பார். ஓடுள்ள அமீபா தென்பட்டால் நின்று எண்ணுவார். பிறகு பேனாவை எடுத்து, இல்லாத அந்த உயிருக்கு எதிரே ஒரு சுழியை மெதுவாக, வாய் திறந்திராமல் முழுசாக மூடிப் போட்டு, கீழே கையெழுத்திடுவார்.